பிறர் வகுத்த கட்டத்துள் நம் நெடுங்கணக்கு

மொழிக்கு ஒலி உயிர், எழுத்து உடல். உடல் பிறர் கையில் சிக்குமாயின் உயிர் தன்னுரிமையோடு இயங்குதல் அரிது. கல்லிலும் ஓலையிலும் எழுதிய காலத்தில் தமிழன் தன் எழுத்தைத் தன் கையாலேயே எழுதினான். அச்சு வந்தபோது, ஈயத்தை உருக்கி வார்த்தவன் எவனாயினும், எந்த எழுத்தை எந்த அறையில் இடுவது என்பதை அச்சுக் கோத்த தமிழனே முடிவு செய்தான். இன்றோ எழுத்து எண்ணாகிவிட்டது. கணினி எந்த மொழியின் எழுத்தையும் அறியாது. எண்ணை மட்டுமே அறியும். அகரத்துக்கு இன்ன எண், ககரத்துக்கு இன்ன எண் என்று எவரோ வகுத்துக் கொடுக்க, அவ்வெண்களையே அது சேர்த்து வைக்கின்றது, தேடுகின்றது, வரிசைப்படுத்துகின்றது, கடல் கடந்தும் அனுப்புகின்றது. ஆகலின், இக்காலத்தில் எழுத்தின்மேல் உள்ள உரிமை என்பது அவ்வெழுத்துக்கு எண் வகுக்கும் உரிமையே என்க.

அவ்வுரிமை தமிழன் கையில் உள்ளதா? இல்லை. யூனிகோடு எனப்படும் ஒருங்குகுறி அமைப்பின் கையில் உள்ளது. 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பெற்ற அமைப்பு அது. அதில் முழு வாக்குரிமை கட்டணம் செலுத்தும் முழு உறுப்பினர்க்கே உண்டு. அவருள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கப் பெருநிறுவனத்தார்.

இதுபற்றித் தமிழன்பரிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. ஒரு சாரார், "ஒருங்குகுறி வந்தது, தமிழ் உலகெங்கும் தெரிகின்றது, இனி என்ன குறை?" என்கின்றனர். மற்றொரு சாரார், "தேவநாகரி அச்சில் வார்த்த அக்குறிமுறையைத் தமிழர் தொடவே கூடாது, நம் முறை ஏற்கப்படும்வரை அதனைப் புறக்கணிக்க வேண்டும்" என்கின்றனர். முன்னவர் தம் வீட்டில் ஓட்டை இருப்பதை அறியாதவர். பின்னவர் ஓட்டை இருப்பதற்காக வீட்டை விட்டுத் தெருவில் நிற்பவர். இருவரும் பிழைபடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

சிதறிக் கிடந்த காலம்

ஒருங்குகுறிக்கு முன் தமிழ் கணினியில் எவ்வாறு இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். அன்று ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறிமுறை. ஆங்கில எழுத்துகளுக்கென ஒதுக்கிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்து, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு ஆங்கிலமாகவும் எழுதினர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்குள் பதிவாவது தமிழன்று. சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கத்தைத் திறந்தால், பொருளற்ற ஆங்கிலக் குப்பையே திரையில் தோன்றும். தேடுபொறி அதனைத் தமிழென்று அறியாது. அறியாததை எவ்வாறு தேடித் தரும்?

இச்சிதறலைக் களைய நல்லோர் முயன்றனர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உலகத்தமிழர் பலர் மின்மடல்வழிக் கூடிப் பேசித் திசுகி என்னும் பொதுக்குறிமுறையை வகுத்தனர். தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளையும், இன்றும் பயன்படும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இம்முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயினும் பல பொதுக்குறிமுறைகள் எழுந்தால் அவற்றுள் எதுவும் பொதுவாகாது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க மாற்றி வேண்டும். மாற்றி இல்லாதவர் கையில் தமிழ் ஊமையாகும்.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. அக்காலத்தில் தட்டச்சிட்ட நூல்கள், இதழ்கள், ஆய்வேடுகள், அகரமுதலிக் குறிப்புகள் பல இன்றும் அப்பழைய எழுத்துருக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கோப்பு இருக்கின்றது, திறப்பார் இல்லை. திறந்தாலும் படிக்கும் எழுத்துரு இல்லை. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்று வருந்தும் நாம், நம் கண்முன்னே, நம் தலைமுறையில் எழுதிய தமிழை நாமே செல்லரிக்க விட்டுள்ளோம்.

ஒருங்குகுறி செய்த நன்மை

உலகின் எழுத்துகள் அனைத்துக்கும், ஒன்றோடொன்று மோதாதவாறு, தனித்தனி எண் வழங்குவது ஒருங்குகுறியின் நோக்கம். அதன் முதற்பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. 2000-இல் வெளிவந்த விண்டோசு 2000 இயங்குதளம் ஒருங்குகுறித் தமிழை ஏற்றது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குகுறியிலேயே தொடங்கியது. 1998-இல் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி வரும் மதுரைத் திட்டத்தார், முதலில் திசுகியில் வெளியிட்டவற்றைப் பின்னர் ஒருங்குகுறிக்கு மாற்றினர். அதன் பயனாக இன்று ஒரு சங்கப் பாடலின் சொல்லொன்றை உலகின் எம்மூலையிலிருந்தும் தேடியெடுக்க இயலுகின்றது. கைப்பேசியில் தமிழ், மின்மடலில் தமிழ், வலைத்தளப் பெயரிலேயே தமிழ் என்னும் நிலை அதனால் வந்ததே. இதனை மறுப்பது நன்றி கொல்வதாகும்.

ஆயினும், நன்மை செய்தது என்பதற்காக அது செய்த தீமையைச் சொல்லாதிருத்தல் அடிமைக் குணம்.

தேவநாகரி அச்சில் வார்த்த தமிழ்

ஒருங்குகுறியில் உள்ள தமிழ்ப் பட்டியல் தமிழின் நெடுங்கணக்கைப் பார்த்து வகுத்ததன்று. இந்திய அரசின் சார்பில் வகுக்கப்பட்ட இசுகி என்னும் குறிமுறையின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. இசுகியின் நோக்கம், இந்திய ஒன்றியத்தில் வழங்கும் எழுத்துகள் பலவற்றையும் ஒரே அச்சில் அடக்குவது. எண்ணை மாற்றாமலே எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஒரு மொழியின் எழுத்து மற்றொரு மொழியின் எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் திட்டம். அந்த அச்சு எது? தேவநாகரி. அதிலுள்ள ஒலிகளின் வரிசையே அனைவர்க்கும் அளவுகோலாயிற்று.

இதன் விளைவைப் பாருங்கள். தேவநாகரி, வங்காளம், குருமுகி, குசராத்தி, ஒரியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஒன்பதுக்கும் தலைக்கு 128 இடங்கள். தமிழுக்குரிய 128-இல் நிரம்பியவை 72, வெற்றிடம் 56. ககரத்துக்கு அடுத்து மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. அதன்பிறகே ஙகரம் வருகின்றது. ஏன்? இந்தியில் ககரம் நான்கு. நமக்கு ஒன்று. அவர்களின் மூன்றுக்கு உரிய இடத்தில் நாம் குடியேறக் கூடாதாம். காலியாகவே விட வேண்டுமாம்! சகரத்தின் பின்னும் டகரத்தின் பின்னும் தகரத்தின் பின்னும் பகரத்தின் பின்னும் இதே கதைதான். இல்லாத எழுத்துக்கு இடம் ஒதுக்கி, இருக்கும் எழுத்துக்கு இடமில்லை என்ற கொடுமையை வேறெங்குக் காண்போம்?

அடுத்து, வரிசை. யரலவழளறன என்பது நம் பள்ளிப்பிள்ளையும் அறிந்த ஒழுங்கு. ஒருங்குகுறிப் பட்டியலிலோ நகரத்தை அடுத்து னகரம், பிறகு பகரம், மகரம், யகரம், ரகரம், றகரம், லகரம், ளகரம், ழகரம், வகரம் என்று வருகின்றன. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஒரு கிரந்த எழுத்து நுழைந்து அமர்ந்துள்ளது. எண் வரிசையை மட்டும் கொண்டு சொற்களை அடுக்கினால் 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வரும். அகரமுதலியில் 'மரம்' முன், 'மனம்' பின் என்பதைத் தமிழாசிரியர் எவரும் சொல்வர். இதனைத் திருத்தி அடுக்கும் தனி நெறி இன்று உண்டு என்பது மெய். ஆனால் அந்நெறியைச் சேர்க்க மறந்த மென்பொருளில் எல்லாம் தமிழின் அகரவரிசை குலைந்தே வரும். ஆங்கிலத்துக்கு இயல்பாய் அமைந்தது நமக்கு மட்டும் ஒட்டுப்போட்டே அமைகின்றது.

மூன்றாவது, அடிப்படையான பிழை. தமிழ் இலக்கணப்படி உயிரும் மெய்யுமே முதலெழுத்துகள். மெய் புள்ளி பெற்று நிற்பது அதன் இயல்பு என்று தொல்காப்பியரே வரையறுத்தார். மெய்யோடு உயிர் கூடப் பிறப்பது உயிர்மெய். ஒருங்குகுறி இதனைத் தலைகீழாக்கியது. அங்கே 'க' என்னும் உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளியைத் தனிக்குறியாக ஏற்றி அகரத்தைக் கொன்றால்தான் 'க்' பிறக்கும். தாயைப் பெற்ற மகள் என்பது போன்றது இது. தேவநாகரிக்கு அந்த முறை பொருந்தலாம். எழுத்தியலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவைத்த மொழிக்கு அது பொருந்துமா?

இதனால் 247 எழுத்துகளுள் உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளே ஓரெண் பெற்றன. மெய் 18-உம் எஞ்சிய உயிர்மெய் 198-உம் ஆக 216 எழுத்துகள் ஈரெண் கூட்டியே எழுதப்படுகின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குகுறிக்கு ஐந்து எண். வலைத்தளங்களில் பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு. தமிழெண் ஒன்றுக்கு மூன்று பைட்டு. ஆகவே மூன்றெழுத்துச் சொல்லாகிய 'தமிழ்' 15 பைட்டு இடம் கொள்ளும். கைப்பேசிக் குறுஞ்செய்தியொன்றில் ஆங்கிலம் 160 எழுத்து எழுதலாம்; தமிழ் எழுதினால் 70 எண்ணோடு முடியும். அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே இடம் பிடிக்கும்.

நான்காவது, பெயர். ஒருங்குகுறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. நம் ஆய்தத்துக்கு அங்கே 'விசர்க்கம்' என்று பெயர். நம் புள்ளிக்கு 'விராமம்' என்று பெயர். தமிழின் தனிச்சிறப்பாகிய ழகரத்துக்குத் தனி அடையாளம் இல்லை. லகரத்துக்கு ஓர் 'எல்', ளகரத்துக்கு இரண்டு, ழகரத்துக்கு மூன்று என்று அடுக்கிவிட்டனர். தமிழில் அறவே இல்லாத 'அனுசுவாரம்' என்னும் வடமொழிக் குறிக்குத் தமிழ்ப் பட்டியலில் இடம் தந்து, பிறகு அதன் அருகிலேயே 'இது தமிழில் பயன்படுவதில்லை' என்று குறிப்பும் எழுதினர். பயன்படாது என்று அறிந்தபின் நீக்கலாமே எனின், நீக்க முடியாது! ஒருமுறை இட்ட எண்ணையும் பெயரையும் என்றும் மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் கட்டளை. 2005-இல் வந்த 4.1-ஆம் பதிப்பில் மேலும் ஒரு கிரந்த எழுத்தைத் தமிழ்ப் பட்டியலுக்குள்ளேயே சேர்த்தனர். அதுவும் இனி நீங்காது.

பிறர் பெற்றது எப்படி?

"ஓர் எழுத்துக்காக உலகமே தன் முறையை மாற்றுமா?" என்று கேட்போர் கொரிய நாட்டை நோக்குக. கொரிய எழுத்தும் நம் உயிர்மெய் போலவே சில உறுப்புகளைக் கூட்டி எழுதுவது. உறுப்புகளுக்கு மட்டும் எண் தந்து நிறுத்தியிருக்கலாம். கொரியர் அதற்கு இசையவில்லை. 1996-இல் வந்த 2.0-ஆம் பதிப்பில், தற்காலக் கொரிய மொழியின் அசையெழுத்துகள் 11,172-க்கும் ஒவ்வொன்றாகத் தனியெண் பெற்றனர். அதற்கெனப் பழைய இடத்தையே விட்டுப் புதிய இடத்துக்கு அவை பெயர்க்கப்பட்டன. பதினோராயிரத்துக்கு இடம் இருந்தது. இருநூற்று நாற்பத்தேழுக்கு இடம் இல்லை!

தாய்லாந்து 1986-இலேயே தனக்கென ஒரு செந்தரக் குறிமுறையை வகுத்து வைத்தது. ஒருங்குகுறி அதனை அப்படியே ஏற்றது; எழுதும் வரிசையே அங்கே குறியீட்டு வரிசையாயிற்று. சிங்கள எழுத்து 1999-இல் 3.0-ஆம் பதிப்பில் நுழைந்தது. அது இசுகியின் அச்சில் வார்க்கப்படவில்லை. அதன் நெடுங்கணக்கு வரிசையிலேயே அமைந்தது. மலையாளத்தார் உயிர் நீங்கிய மெய்களாகிய சில்லெழுத்துகளுக்குத் தனியெண் வேண்டிப் பல்லாண்டு வாதிட்டு, 2008-இல் 5.1-ஆம் பதிப்பில் பெற்றனர். வங்காளத்தார் தம் மொழிக்குரிய தகர மெய்யின் தனி வடிவுக்கு 2005-இல் எண் பெற்றனர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தனியரசு உள்ள இனம் தன் செந்தரத்தைத் தானே வகுத்து உலகின்முன் வைத்தது, உலகம் ஏற்றது. தனியரசு இல்லாத தமிழினத்தின் எழுத்தோ தில்லியின் வழியாகவே போயிற்று. தில்லி வகுத்த வடிவிலேயே போயிற்று. இஃது ஒன்று. மற்றொன்று நம் காலத்தாழ்ச்சி. கொரியர் 1996-இல் தம் பணியை முடித்துக்கொண்டனர். அதன்பின், இட்ட எண்ணை இடம் பெயர்ப்பதில்லை என்று கதவு அடைக்கப்பட்டது. கதவு அடைபட்ட பிறகு 1997-இலும் 1999-இலும் நாம் கூடி, எந்த எழுத்துருக் குறிமுறை சிறந்தது என்று நமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தோம். தில்லியைப் பழிப்பதோடு நில்லாமல் இதனையும் சொல்லுதல் நேர்மை.

விழித்ததால் தடுத்தது

விழிப்புடன் இருந்தால் தடுக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2010-இல் இரு முன்மொழிவுகள் ஒருங்குகுறி அமைப்பின்முன் வந்தன. கிரந்த எழுத்துகள் இருபத்தாறைத் தமிழோடு சேர்த்து 'விரிவாக்கிய தமிழ்' என ஆக்கும் முன்மொழிவு ஒன்று. கிரந்தத்துக்குத் தனிப்பட்டியல் அமைத்து, அதனுள் தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றைச் சேர்க்கும் முன்மொழிவு மற்றொன்று. தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். அன்றைய தமிழ்நாட்டரசு, முடிவைத் தள்ளிவைக்குமாறு நடுவண் அரசுக்கு எழுதியது. 'விரிவாக்கிய தமிழ்' ஏற்கப்படவில்லை. கிரந்தம் 2014-இல் 7.0-ஆம் பதிப்பில், தமிழ்ப் பட்டியலுக்கு வெளியே, தனக்கென ஓர் இடத்தில் வைக்கப்பட்டது. கிரந்தம் ஒரு வரலாற்றெழுத்து. அதற்குத் தனியிடம் இருப்பதில் நமக்கு வழக்கில்லை. தமிழின் வீட்டுக்குள் அது குடிபுகுவதே வழக்கு.

கேட்டுப் பெற்றதும் உண்டு. முந்திரி, காணி, மா முதலிய தமிழ்ப் பின்ன எண்களும் நிலம், கூலம், பணம் பற்றிய பழங்குறிகளும் ஆக 51 குறிகள் 2019-இல் 12.0-ஆம் பதிப்பில் எண் பெற்றன. இன்று ஒரு பழங்கணக்குச் சுவடியை அதிலுள்ள குறிகளோடு அவ்வாறே இணையத்தில் ஏற்றலாம். சான்றோடு எழுதிக் கேட்டவர்க்கு அவ்வமைப்பு செவிசாய்க்கின்றது. கேளாதிருந்தவர்க்குப் பிறர் முடிவு செய்கின்றனர்.

புறக்கணிப்பாரிடம் சில வினாக்கள்

இனி, ஒருங்குகுறியை அறவே தள்ள வேண்டும் என்பாரிடம் வருவோம். அவர் முன்வைப்பது தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறை. அதில் எழுத்தொன்றுக்கு எண்ணொன்று. மெய் மெய்யாகவே நிற்கும். வரிசை நம் வரிசை. இலக்கணத்தோடு ஒத்த முறை அதுவே என்பதில் ஐயமில்லை. 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில், கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது, தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியைச் செந்தரமாகவும், ஒருங்குகுறி இயங்காத இடங்களில் அனைத்தெழுத்து முறையை மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது.

ஆயின், அனைத்தெழுத்து முறையின் எண்கள் அமைந்திருப்பது ஒருங்குகுறியின் தனிப்பயன் பகுதியில். அப்பகுதி எவரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விடப்பட்ட புறம்போக்கு. அங்கே நமக்குக் ககரமாக இருக்கும் எண், வேறொருவனுக்கு ஒரு படமாக இருக்கலாம். தேடுபொறிக்கு அது தமிழன்று. கைப்பேசிக்கு அது தமிழன்று. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவிக்கும் அது தமிழன்று. அம்முறையில் வலைத்தளம் அமைத்தால், எழுத்துரு இருப்பவனுக்குத் தமிழ், இல்லாதவனுக்கு வெறுங்கட்டம் என்னும் பாமினிக் காலத்துக்கே நாம் திரும்புவோம். சிதறலிலிருந்து தப்பிய மொழியை மீண்டும் சிதறலில் தள்ளுவதா தமிழ்ப்பற்று?

இன்னொன்றும் எண்ணுக. நாம் ஒருங்குகுறியில் எழுதாது விட்டால் இணையம் வெறுமையாக இருக்கப்போவதில்லை. கலப்படத் தமிழில் எழுதுவோர் எழுதிக் குவிப்பர். ஆங்கில எழுத்தால் தமிழை எழுதுவோர் பெருகுவர். இன்று உலகின் கணினிகள் தமிழைக் கற்பது இணையத்தில் ஒருங்குகுறியில் கிடக்கும் எழுத்தைக் கொண்டே. மொழிபெயர்ப்புக் கருவியும் பேசுங்கருவியும் எந்தத் தமிழைக் கற்கும்? எது கிடைக்கின்றதோ அதனையே கற்கும். தூயதமிழில் எழுதிய நூல்கள் பழைய எழுத்துருக் கோப்புகளில் அடைபட்டும், படங்களாக மட்டும் பிடிக்கப்பட்டும் கிடந்தால், அக்கருவிகளைப் பொறுத்தவரை அவை எழுதப்படாதனவே. 'மகிழுந்து' என்னும் சொல்லை நாம் ஆயிரம் முறை அச்சிட்டிருக்கலாம். அது தேடினால் கிடைக்கும் எழுத்தாக இல்லையெனில், நம் பேரனுக்குக் கணினி 'கார்' என்றே கற்பிக்கும்.

பிறப்பில் பிழை உண்டு என்பதற்காகப் பயன்பாட்டைத் துறத்தல் கூடாது. பயன் உண்டு என்பதற்காகப் பிழையை மறத்தலும் கூடாது. வெள்ளையன் போட்ட இருப்புப்பாதையில் ஏறிச் சென்றே அவனுக்கு எதிரான கூட்டங்களை நம் முன்னோர் நடத்தினர்.

செய்ய வேண்டுவன

முதலாவது, தமிழ்நாட்டரசின் துறைகள், பல்கலைக்கழகங்கள், நூலகங்கள் ஆகியவற்றின் வலைத்தளங்கள் வெளியிடும் ஒவ்வோர் ஆவணமும் ஒருங்குகுறி எழுத்தாகவே இருத்தல் வேண்டும். தாளில் அச்சிட்டு, அதனைப் படம் பிடித்து ஏற்றுவது வெளியீடு ஆகாது. தேட முடியாத அரசாணை மக்களுக்கு மறைத்த அரசாணையே. 2010-இல் ஆணை பிறந்தது. ஆணையை நிறைவேற்றும் முனைப்பே வேண்டுவது. மியன்மா நாட்டைப் பாருங்கள். அங்கும் மக்களிடையே பெருவழக்காயிருந்த பழைய எழுத்துரு ஒன்று ஒருங்குகுறியோடு மோதியது. அந்நாட்டரசு 2019 அத்தோபர் முதல் நாளை மாற்றத்துக்குரிய நாளாகக் குறித்து அறிவித்து, ஒருங்குகுறிக்கு மாறியது. நாள் குறிக்காத சீர்திருத்தம் நடவாது.

இரண்டாவது, நம் இதழாளரும் பதிப்பாளரும் தம்மிடமுள்ள பழைய எழுத்துருக் கோப்புகளை உடனே ஒருங்குகுறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. மாற்றியபின் மெய்ப்புத் திருத்துதல் இன்றியமையாதது. கொம்பும் காலும் இடம் மாறுதல் உண்டு. ஓர் ஊரில் இருவர் கூடி, கிழமைக்கு ஒரு நூல் என்று உழைத்தாலும் ஈராண்டில் நூறு நூல் மீளும். மேடையில் முழங்குவதினும் இது பெருந்தொண்டு.

மூன்றாவது, கணினி பயின்ற தமிழிளைஞர், தாம் எழுதும் மென்பொருளில் தமிழ் அகரவரிசை நெறியைச் சேர்க்க வேண்டும். எழுத்தெண்ணும் இடத்தில் 'தமிழ்' என்பதை மூன்றாக எண்ணும்படி செய்ய வேண்டும். சொல்லாய்வு, இலக்கண ஆய்வு போன்ற உட்பணிகளுக்கு அனைத்தெழுத்து முறையைக் கையாளலாம். வெளியிடுங்கால் ஒருங்குகுறியில் வெளியிடுக. உள்ளே நம் இலக்கணம், வெளியே உலக வழக்கு என்பதே இன்றைய நிலைக்கு ஏற்ற நெறி.

நான்காவது, ஒருங்குகுறி அமைப்பில் தமிழ்நாட்டரசு உறுப்பினராய் இருந்ததுண்டு. அவ்வுறுப்பாண்மை இடையறாது தொடர வேண்டும். அதற்கு அனுப்பப்படுவோர் எழுத்தியலும் கணினியும் ஒருங்கே கற்றவராய் இருத்தல் வேண்டும். தமிழ்ப் பட்டியலைத் தொடும் ஒவ்வொரு முன்மொழிவும் பொதுக்கருத்துக்கு வைக்கப்படுகின்றது. அதனைப் படித்து, குறித்த நாளுக்குள் சான்றோடு மறுமொழி விடுக்கும் நிலையான அறிஞர் குழு ஒன்று வேண்டும். தீப்பற்றியபின் கிணறு வெட்டும் வழக்கத்தை 2010-ஓடு விட்டொழிப்போம்.

முடிவுரை

வலைத்தள முகவரியின் இறுதியில் நாட்டின் பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதும் உரிமையை 2010, 2011 ஆண்டுகளில் மூன்று அரசுகள் பெற்றன. '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்பன அவை. தமிழெழுத்தால் மூன்று நாடுகளின் பெயர் உலக இணையத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் பெயர் அவ்வரிசையில் இல்லை. நாட்டுரிமை உள்ளோர்க்கே அவ்விடம் என்பது நெறியாம். எழுத்து நம்முடையது, இடம் பிறருடையது. நம் இனத்தின் நிலை முழுவதையும் இவ்வொரு செய்தியே சொல்லிவிடும்.

எண் வகுக்கும் உரிமை இன்று நம்மிடம் இல்லை. வகுத்த எண்ணுக்குள் எதனை எழுதுவது என்னும் உரிமையோ இன்றும் முழுமையாய் நம்மிடமே உள்ளது. அதனை எவரும் பறிக்கவில்லை. நாமே பயன்படுத்தாது வைத்துள்ளோம். பிறர் வகுத்த கட்டமேயாயினும் அதன் ஒவ்வோர் அறையையும் நல்ல தமிழால் நிரப்புவோம். நிரப்பிய இனமே நாளை அக்கட்டத்தை மாற்றி வகுக்கவும் உரிமை கேட்கும், கேட்டுப் பெறும்.